பெட்டியின் முகமும் முதுகும்

ஸ்லோவேனிய மொழியில் சாவுக்கு இரண்டு வினைச்சொற்கள் உண்டு. மனிதர் இறந்தால் 'உம்ரேதி'. மாடோ நாயோ கோழியோ செத்தால் 'போகினிதி'. மாற்றிச் சொன்னால் அபத்தமாக இருக்கும், இல்லையென்றால் அவமரியாதையாக இருக்கும். இதில் ஒரு விதிவிலக்கு தேனீ. தேனீ செத்தால் மனிதருக்கான சொல்லைத்தான் போடுவார்கள். நம்ம ஊர்ல யாராவது "எங்க வீட்டு ஆடு நேத்து காலமாயிட்டாரு"ன்னு சொன்னா கிண்டல் என்று நினைத்துச் சிரிப்போம். அங்கே தேனீயைப் பற்றி அப்படிச் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை.

இந்தத் தகவலைச் சுற்றுலா வழிகாட்டிகள் ரொம்ப விரும்பிச் சொல்கிறார்கள். கேட்கிறவருக்கும் பிடித்துப்போகிறது. சின்ன நாடு, பச்சை மலை, நடுவில் தீவுள்ள ஏரி, தேனீயை உறவாக நினைக்கும் மக்கள். படம் முழுமையாகிவிடுகிறது. ஆனால் ஒரு சமூகம் பூச்சிக்கு மனிதச் சாவைக் கொடுக்கிறது என்றால் அதற்குப் பின்னால் அன்பு மட்டும் இருக்காது, பிழைப்பும் இருக்கும். ஸ்லோவேனியத் தேனீ வளர்ப்பின் வரலாற்றைத் தோண்டினால் நான்கு சங்கதிகள் திரும்பத் திரும்பக் கைக்குத் தட்டுப்படுகின்றன: ஒரு மரப்பெட்டி, தாமதமாகப் பூக்கும் ஒரு தானியம், ஓர் அரசியின் சட்டம், ஒரு ரயில் பாதை. இப்போது ஐந்தாவதாகச் சுற்றுலா வந்து சேர்ந்திருக்கிறது. முந்தைய நான்கும் வந்தபோது ஒவ்வொரு முறையும் இந்தத் தொழிலின் உருவம் மாறியது, சில சமயம் எதையாவது பலி வாங்கியும் போனது. ஐந்தாவது எதை மாற்றும், எதை வாங்கிக்கொண்டு போகும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

1. மலையடிவார விவசாயியின் கணக்கு

ஸ்லோவேனியா தமிழ்நாட்டின் பரப்பில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மக்கள் தொகை 20 லட்சத்தைச் சற்றுத் தாண்டும். நிலத்தில் பாதிக்கும் மேல் காடு. 1991-இல்தான் தனி நாடானது. அதற்கு முன்னால் யூகோஸ்லாவியா, அதற்கும் முன்னால் பல நூற்றாண்டுகள் ஹாப்ஸ்பர்க் பேரரசு. இந்தக் கதை நடக்கும் பகுதிக்கு அப்போது கர்னியோலா என்று பெயர். அதன் வடமேற்கு மூலையை மேல் கர்னியோலா என்பார்கள். ஒரு பக்கம் யூலியன் ஆல்ப்ஸ், இன்னொரு பக்கம் கரவாங்கன் மலைத்தொடர், நடுவில் பிளெட் ஏரியும் சின்னச் சின்னக் கிராமங்களும். இன்று ஒரு புகைப்படத்துக்காக உலகமே வந்து நிற்கும் இடம். 18ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த விவசாயிக்கு அது குளிரும் கல்லும் நிறைந்த, துண்டு துண்டான வயல்கள் கொண்ட ஏழை நிலம்.

அந்த நிலத்தில் ஜூலையில் பார்லியும் கம்பரிசியும் அறுத்த பிறகு வயல் சும்மா கிடக்கும். குளிர்காலத்துக்குள் இன்னொரு விளைச்சல் எடுக்க நேரம் குறைவு. அந்தக் குறைந்த நேரத்தில் விளையக்கூடியது பக்வீட். வட இந்தியாவில் விரத நாட்களில் 'குட்டு' மாவு என்று சாப்பிடுகிறார்களே, அதுதான். 15ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பகுதிக்கு வந்துவிட்ட பயிர். அறுவடை முடிந்ததும் விதைத்தால் ஆகஸ்ட் கடைசியில், செப்டம்பரில் வயல் முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும். ஐரோப்பாவின் பல இடங்களில் தேனீக்களுக்குப் பஞ்சம் தொடங்கும் சமயத்தில் இங்கே விருந்து.

இதனால் என்ன ஆகிறது? வசந்தத்தில் தேனீக் கூட்டம் பெருகி, பிரிந்து, புதுக் கூட்டங்கள் உண்டாகும். மற்ற இடங்களில் அப்படிப் பிரிந்த சின்னக் கூட்டம் குளிர்காலத்துக்குப் போதுமான தேன் சேர்க்க முடியாமல் பட்டினியில் அழியும் ஆபத்து அதிகம். பக்வீட் வயல் பக்கத்தில் இருந்தால் கடைசி நேரத்தில் அதுவும் தேறிவிடும். ஆகவே கூட்டம் பிரிவது இங்கே நஷ்டம் இல்லை, லாபம். தேன் விற்கலாம், மெழுகை மெழுகுவர்த்திக்குக் கொடுக்கலாம், கூட்டத்தையே விற்கலாம். ஆனால் பக்வீட் வயல் எல்லா வீட்டுக்குப் பக்கத்திலும் இருக்காது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போக வேண்டும். தேனீக்கள் எல்லாம் வீடு திரும்பியபின் இரவில் வாயிலை அடைத்து, வண்டியில் ஏற்றி, விடிவதற்குள் இறக்கியாக வேண்டும்.

இங்கேதான் பெட்டி கதைக்குள் வருகிறது. ஐரோப்பாவின் பல பகுதிகளில் அப்போது தேனீக்கள் வைக்கோல் கூடைகளிலும் குடைந்த மரத்துண்டுகளிலும் இருந்தன. கவிழ்த்த கூடையை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க முடியாது. கர்னியோலாவில் பலகைகளைச் சேர்த்து அடித்த, நீளமான, தட்டையான பெட்டி புழக்கத்தில் இருந்தது. 'க்ரான்யிச்' என்று பெயர். ஏறத்தாழ முக்கால் மீட்டர் நீளம், ஓரடி அகலம், அரையடி உயரம். சவப்பெட்டியின் சின்னத் தம்பி போல இருக்கும். லேசானது, வண்டியில் அடுக்கலாம், வீட்டில் கொண்டுவந்து சுவர்போல அடுக்கி மேலே கூரை போடலாம். அப்படிக் கூரை போட்ட தேனீ வீட்டுக்கு 'செபெல்னியாக்' என்று பெயர். பெட்டிகளின் முன்பக்கம் வெயிலைப் பார்த்திருக்கும், தேனீக்கள் அந்த வழியாகப் போய்வரும். பின்பக்கம் கூரைக்குள் இருக்கும். வளர்க்கிறவர் பின்னால் நின்று, பின்பலகையைக் கழற்றி வேலை செய்வார்.

முன்பக்கம் தேனீக்கு, பின்பக்கம் மனிதருக்கு. இந்தச் சாதாரண ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த 250 ஆண்டுகளில் நடந்த முக்கால்வாசி விஷயங்கள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

2. ஓவியராகப் போனவர்

அன்டோன் யான்ஷா மேல் கர்னியோலாவில் ப்ரெஸ்னிட்சா என்ற கிராமத்துக்காரர். 1734 மே 20-ஆம் தேதி அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகத் தேவாலயப் பதிவு இருக்கிறது. (ஸ்லோவேனியாவின் தேசியக் கவி ப்ரான்செ ப்ரெஷெரென் 1800-இல் பிறந்த விர்பா கிராமமும் அதே சுற்றுவட்டாரம்தான். ஒரு குட்டிப் பகுதி, நாட்டின் இரண்டு அடையாளங்கள்.) யான்ஷாவின் அப்பா விவசாயி, வீட்டில் நூற்றுக்கு மேல் தேன்பெட்டிகள். பையன்களுக்கோ ஓவியத்தில் மோகம். களஞ்சியத்தையே ஓவியக்கூடமாக வைத்திருந்தார்கள். 1766-இல் வியன்னாவுக்குப் போய்ச் செப்புத்தகட்டு ஓவியப் பள்ளியில் சேர்ந்தார்கள். தம்பி லோவ்ரோ அதே வழியில் போய் வியன்னாக் கலைக்கழகத்தில் நிலக்காட்சி ஓவியப் பேராசிரியரானார். அண்ணன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுத் தேனீக்களிடம் திரும்பினார்.

1770-இல் பேரரசி மரியா தெரேசா வியன்னாவில் தேனீ வளர்ப்புப் பள்ளி தொடங்கினார், முதல் ஆசிரியர் யான்ஷா. ஒரு பேரரசிக்குத் தேனீயில் என்ன அக்கறை? கரும்புத் தோட்டங்கள் கடல்கடந்த காலனிகளில் இருந்தன. ஹாப்ஸ்பர்க்குகளுக்கு அப்படிப்பட்ட காலனி இல்லை. தித்திப்பு வேண்டுமென்றால் வெளியாரிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். தேன் சொந்த மண்ணில் கிடைக்கும் இனிப்பு. மெழுகு ஒவ்வொரு தேவாலயத்துக்கும் தேவையான வெளிச்சம். விவசாயத்தைப் 'பகுத்தறிந்து' பெருக்குவது அந்தக் காலத்து ஐரோப்பிய அரசுகளின் ஜுரமும்கூட. லியுப்லியானாவில் 1767-இலேயே விவசாயச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். 1775-இல் மரியா தெரேசாவின் ஆணை தேனீ வளர்ப்புக்கு வரி கிடையாது என்றது. வரி இல்லாத வருமானம் என்றால் விவசாயி எப்படிப் பார்த்திருப்பார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

யான்ஷா நாற்பது வயதைத் தொடவில்லை. 1773 செப்டம்பரில் காய்ச்சலில் இறந்துபோனார். ஆசிரியராக இருந்தது மூன்றே வருடம். கூட்டம் பிரிவதைப் பற்றிய புத்தகம் 1771-இல் வந்தது. தேனீ வளர்ப்பு முழுவதையும் சொல்லும் பெரிய புத்தகம் அவர் இறந்தபின் 1775-இல் வந்தது. இரண்டுமே ஜெர்மன் மொழியில். ஆண் தேனீக்கள் தண்ணீர் சுமப்பவை என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அப்படியில்லை, ராணி கூட்டுக்கு வெளியே போய் அவற்றோடு இணைகிறது என்று எழுதினார். ஜெனீவாவின் பார்வையற்ற ஆய்வாளர் பிரான்சுவா ஹூபர் ராணியின் புணர்ச்சிப் பறத்தலைச் சோதனைகளோடு நிறுவிய நூல் வெளிவந்தது 1792-இல். மலைக்கிராமத்துத் தேன்கூட்டுக்காரர் கண்ணால் பார்த்துச் சொன்னது அதற்கு இருபது வருடம் முந்தியது.

இதில் மொழியின் கதை ஒன்றும் ஒளிந்திருக்கிறது. யான்ஷாவின் அறிவு ஸ்லோவேனிய விவசாயிகளிடமிருந்து எழுந்தது. புத்தகமோ அவர்களால் படிக்க முடியாத மொழியில். அதைத் திருப்பிக் கொண்டுவர முயன்றவர் பீட்டர் பவேல் கிளாவார் என்ற பாதிரியார். மால்டா வீரத்துறவி ஒருவரின் முறைபிறழ்ந்த மகன். அதனாலேயே பாதிரியாராக ரோமிலிருந்து சிறப்பு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பெரிய அளவில் தேனீ வளர்த்தவர். யான்ஷாவின் நூலை 1770களிலேயே ஸ்லோவேனியத்தில் எழுதி வைத்தார், அவர் காலத்தில் அது அச்சேறவில்லை. 1792-இல் யானெஸ் கோலிச்னிக் செய்த மொழிபெயர்ப்புதான் அச்சில் வந்தது. அரசாங்க மொழியில் மட்டும் இருந்த துறையறிவு வீட்டு மொழிக்கு இறங்கிய முக்கியமான கணங்களில் அதுவும் ஒன்று. தேனீ ஸ்லோவேனியர்களுக்கு வெறும் பூச்சியாக இல்லாமல் அடையாளமாக மாறியதில் இந்த மொழித் திரும்புதலுக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

3. அந்தக் காலத்து மீம்

சுவர்போல அடுக்கிய பெட்டிகளின் முன்பலகைகள் வரிசையாக ஒரு பெரிய பரப்பாகிவிடும். ஒவ்வொரு பலகையும் ஓரடி அகலம், அரையடிக்கும் குறைவான உயரம். அந்தக் காலி இடம் யாரையோ சும்மா இருக்க விடவில்லை. படம் வரையத் தொடங்கினார்கள்.

பெட்டிகளில் ஓவியம் வரையும் வழக்கத்தை யான்ஷா தொடங்கினார் என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். ஓவியர், தேனீக்காரர், இரண்டும் ஒருவர், கதைக்கு வசதியாக இருக்கிறது. ஆனால் கிடைத்திருப்பவற்றில் ஆகப் பழைய பலகை 1758-ஐச் சேர்ந்தது, அதாவது யான்ஷா வியன்னாவுக்குப் போவதற்கு எட்டு வருடம் முன்னால். வழக்கம் கிராமத்திலேயே இருந்திருக்கிறது. உச்சத்தில் இருந்தது 19ஆம் நூற்றாண்டில், ஏறத்தாழ 1820 முதல் 1880 வரை. வரைந்தவர்களில் பெரும்பாலானோர் பெயர் தெரியாத, பயிற்சி இல்லாத கிராமத்துக் கைகள். மண் நிறங்களை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசினார்கள். வெயிலிலும் மழையிலும் நின்றும் பல பலகைகளில் நிறம் இன்னும் இருக்கிறது.

முதலில் வந்தவை சாமி படங்கள். மாதாவும் குழந்தையும், தீயிலிருந்து காக்கும் புனித ஃப்ளோரியான், பிறகு யோபு. விவிலியத்தின் யோபு ஸ்லோவேனியத் தேனீக்காரர்களின் காவலர். குப்பைமேட்டில் புண்ணோடு உட்கார்ந்திருந்த அவர் உடம்பிலிருந்து விழுந்த புழுக்கள் தேனீக்களாக மாறின என்று ஒரு நாட்டார் கதை. திருட்டு, நோய், இடி, பொறாமைக் கண் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு காப்பு. நம்ம வீட்டு வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டுகிற அதே மனசுதான்.

பிறகு படங்கள் சேட்டை செய்ய ஆரம்பித்தன. பிசாசு ஒரு பெண்ணின் நாக்கைச் சாணைக்கல்லில் தீட்டுகிறது. கிழவிகளை மேலே போட்டால் கீழே குமரிகளாக வரும் மாவு ஆலை ஒன்று. ஒரு ஆணின் கால்சட்டைக்காகப் பெண்கள் கட்டிப்புரண்டு சண்டை போடுகிறார்கள். வேட்டைக்காரன் செத்துவிட்டான், காட்டு மிருகங்கள் சேர்ந்து பாடை தூக்கி ஊர்வலம் போகின்றன. 600-க்கும் மேற்பட்ட வகைக் காட்சிகளை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஒரே நகைச்சுவை ஊருக்கு ஊர் சின்ன மாற்றத்தோடு திரும்ப வரும். யார் முதலில் வரைந்தது என்று தெரியாது. பார்க்கிறவனுக்கு ஒரே நொடியில் புரிய வேண்டும். இதை மீம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? மீம்களின் வியாதியும் அதில் இருக்கிறது. பெண்களின் வாயும் வயதும்தான் பாதி ஜோக்குக்குச் சரக்கு. இன்றைக்கு நினைவுப்பொருள் கடையில் அழகாகத் தொங்கும் சாணைக்கல் படத்தை வாங்குகிறவர்கள் அதில் யார் யாரைக் கேலி செய்தது என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

படங்களுக்கு நடைமுறைப் பயனும் உண்டு. ஒரே மாதிரி நாற்பது பெட்டி அடுக்கியிருந்தால் எது எது என்று ஆளுக்கே குழம்பும். "ஃப்ளோரியான் பெட்டி நேத்து கூட்டம் பிரிஞ்சுது" என்று சொன்னால் வேலை முடிந்தது. பறந்து திரும்பும் தேனீக்கும் நிறம் வழிகாட்டும். தேனீக்கு நிறம் தெரியும் என்பதை கார்ல் ஃபான் ஃபிரிஷ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோதனைகளால் நிரூபித்தார். சிவப்பு மட்டும் அதற்குத் தெரியாது. பிசாசின் சிவப்பு நாக்கு முழுக்க முழுக்க மனிதருக்காக வரைந்ததுதான்.

4. ரயிலேறிய தேனீக்கள்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தத் தேனீயே சரக்காயிற்று. கர்னியோலாவின் சாம்பல் நிறத் தேனீ சாது. குளிர்காலத்தைச் சின்னக் கூட்டமாக, குறைவாகச் சாப்பிட்டுக் கடத்திவிடும். வசந்தம் வந்ததும் சட்டென்று பெருகும். ஐரோப்பா முழுக்க இதற்குக் கிராக்கி வந்தது. விஷ்னியா கோராவுக்குப் பக்கத்தில் பண்ணை வைத்திருந்த ரோத்ஷூட்ஸ் பிரபு 1860களில் ஏற்றுமதியைத் தொடங்கிவைத்தார். பிறகு மொய்ஸ்த்ரானாவின் மிஹாயெல் அம்ப்ரோஷிச் போன்ற வியாபாரிகள் அதைப் பெரும் தொழிலாக்கினார்கள். 1870-இல் லியுப்லியானாவிலிருந்து மேல் கர்னியோலா வழியாகத் தர்வீசியோவுக்கு ரயில் பாதை திறந்தது. மொய்ஸ்த்ரானா அந்தப் பாதையில் இருந்தது. பக்வீட் வயலுக்கு வண்டியில் அடுக்கிக்கொண்டு போவதற்காக உருவான அதே லேசான பெட்டி இப்போது சரக்கு ரயிலில் அடுக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கான கூட்டங்கள் நாடு விட்டு நாடு போயின.

1879-இல் ஆகஸ்ட் பொல்மான் இந்தத் தேனீக்கு 'ஏப்பிஸ் மெல்லிஃபெரா கார்னிகா' என்று அறிவியல் பெயர் வைத்தார். ஊரின் பெயர் தேனீயின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இந்தத் தேனீயை அமெரிக்காவுக்குக் கொண்டுசேர்த்தவர்களில் ஃபிராங்க் பென்டன் முக்கியமானவர். அவருக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு சின்னத் தொடர்பு இருக்கிறது. 1880களின் தொடக்கத்தில் மலைத்தேனீயைப் பெட்டியில் வளர்க்க முடியுமா என்று தேடிக்கொண்டு இலங்கைக்கும் ஜாவாவுக்கும் வந்து போனார். மலைத்தேனீ யாருக்கும் அடங்கவில்லை. கார்னிகா அடங்கியது, இன்று இத்தாலியத் தேனீக்கு அடுத்தபடியாக உலகில் அதிகம் வளர்க்கப்படும் இனமாக இருக்கிறது. கர்னியோலா என்ற அரசியல் அலகு வரைபடத்தில் இல்லை. தேனீயின் பெயரில் மட்டும் இருக்கிறது.

5. புத்தக அலமாரி

க்ரான்யிச் பெட்டியில் ஒரு பெரிய குறை உண்டு. அடைகள் பெட்டியோடு ஒட்டியிருக்கும். தேன் எடுக்க வேண்டுமென்றால் அடையை அறுக்க வேண்டும், பெரும்பாலும் கூட்டையே கலைக்க வேண்டும். 1850களில் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் கழற்றி மாட்டும் சட்டங்கள் கொண்ட பெட்டியைக் கொண்டுவந்ததும் உலகத் தேனீ வளர்ப்பே மாறியது. மேலே மூடியைத் திறந்து, சட்டத்தைத் தூக்கி, தேனை எடுத்துவிட்டு அடையைத் திருப்பி வைக்கலாம். ஆனால் மேலே திறக்கும் பெட்டியை அடுக்க முடியாது. தனித்தனியாகப் புல்வெளியில் வைக்க வேண்டும். அப்படியானால் தேனீ வீடு எதற்கு?

1910 வாக்கில் அன்டோன் ஷ்னிதெர்ஷிச் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். ஜெர்மனியின் அல்பெர்ட்டி உருவாக்கிய பெட்டியை எடுத்து மாற்றினார். சட்டங்கள் இருக்கும், ஆனால் மேலிருந்து தூக்க வேண்டாம். பின்கதவைத் திறந்து, அலமாரியிலிருந்து புத்தகம் எடுப்பதுபோல ஒவ்வொன்றாக உருவலாம். பெட்டிகளை அடுக்கலாம். கூரையும் சுவரும் இருக்கலாம். மழையிலும் வேலை செய்யலாம். ஸ்லோவேனியாவில் பெரும்பாலானோர் இன்றும் இந்த 'ஆ-ஜெ' பெட்டியைத்தான் வைத்திருக்கிறார்கள். உலகின் மற்ற இடங்களில் இருக்கும் தொழில்முறைத் தேனீக்காரர்கள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். வேலை மெதுவாகத்தான் நடக்கும், உற்பத்திக் கணக்கில் இது தோற்கும்.

ஓவியப் பலகைக்கு இது முடிவு கட்டியது. புதுப் பெட்டிகளின் முன்பக்கம் வேறு மாதிரி. வெறும் வண்ணம் பூசினால் போதும் என்றாகிவிட்டது. அச்சுப் படங்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் கிராமத்து ஓவியருக்கு வேலை போனது. முதல் உலகப் போர் வரும்போது வழக்கம் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. பழைய பலகைகளை அருங்காட்சியகத்தாரும் சேகரிப்பாளர்களும் தேடி வாங்கத் தொடங்கினார்கள். பெட்டியிலிருந்து முகத்தை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்கள். 1959-இல் ரதோவ்லிட்சா நகரத்தின் பழைய மாளிகையில் தேனீ வளர்ப்பு அருங்காட்சியகம் உருவானது. இன்று அந்தப் பலகைகளை அங்கே கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். படம் பிழைத்துக்கொண்டது, அது இருந்த இடம் இல்லை.

பெட்டியின் முகம் இப்படிப் போய்விட்டது. முதுகு மட்டும் மிச்சமிருந்தது. உற்பத்திக்கு உதவாத அந்தப் பின்கதவு ஏற்பாடுதான் நூறு வருடம் கழித்து யாரும் எதிர்பாராத விதத்தில் காசாகியது.

6. பின்கதவு வழியாக வந்த விருந்தாளி

சாதாரணத் தேன்பண்ணைக்குச் சுற்றுலாப் பயணியைக் கூட்டிப்போனால் வெள்ளை உடுப்பு, முகவலை, பயம், பத்து நிமிடம், முடிந்தது. ஸ்லோவேனியத் தேனீ வீட்டில் தேனீக்கள் முன்பக்கமாகப் போய்வருகின்றன, நீங்கள் சுவருக்குப் பின்னால் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள். கதவைத் திறந்தால் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான தேனீக்கள். மெழுகும் பிசினும் தேனும் கலந்த சூடான வாசனை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டுகூடப் பார்க்கலாம். இப்படி ஒரு கட்டட அமைப்பு இருந்ததால்தான் 'தேனீச் சுற்றுலா' என்ற ஒன்று அங்கே உருவாக முடிந்தது. அதை நடத்துகிறவர்களுக்கெனத் தனித் தரச்சான்றுகூட இருக்கிறது. தேனீ வீட்டுக்குள் படுக்கை போட்டுத் தூங்க வைக்கிறார்கள், கூட்டின் காற்றை முகமூடி வழியாகச் சுவாசிக்கக் கொடுக்கிறார்கள். மூச்சு நோய்க்கு நல்லது என்கிறார்கள். மருத்துவச் சான்று அவ்வளவு வலுவாக இல்லை. ஆனால் அந்த ரீங்காரத்தில் அரைமணி நேரம் சும்மா கிடப்பதற்கு மருத்துவச் சான்று எதற்கு என்பதும் நியாயம்தான்.

அரசும் இதைத் தெரிந்தே செய்தது. சுதந்திரத்துக்குப் பிறகு ஒரு சின்ன நாடு உலகத்துக்குத் தன்னை எப்படி அறிமுகம் செய்வது? தேனீ கைகொடுத்தது. நாட்டுக்குள் கார்னிகா தவிர வேறு இனத்தை வளர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் ரொட்டி, வெண்ணெய், பால், ஆப்பிளோடு உள்ளூர்த் தேன் தருகிறார்கள். 2017 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஸ்லோவேனியாவின் முன்மொழிவை ஏற்று மே 20-ஐ உலகத் தேனீ நாளாக அறிவித்தது. ஒரு கிராமத்துத் தேவாலயப் பதிவேட்டில் இருந்த ஞானஸ்நானத் தேதி அப்படித்தான் உலகின் நாட்காட்டியில் ஏறியது. 2022-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஸ்லோவேனியத் தேனீ வளர்ப்பு இடம்பிடித்தது.

சரி, எல்லாம் நல்லாத்தானே போகுது, அப்புறம் என்ன கவலை?

கவலை தேனீயில் இருக்கிறது. 1980-ஐ ஒட்டி வர்ரோவா என்ற உண்ணி வந்தது. அதன் பூர்வீக விருந்தோம்பி ஆசியத் தேனீ. நம் தென்னந்தோப்புகளில் பொந்துக்குள் கூடு கட்டும் தேனீயின் இனம். ஆசியத் தேனீ காலங்காலமாக அதோடு வாழப் பழகியது, ஐரோப்பியத் தேனீக்கு அந்தப் பழக்கம் இல்லை. மருந்து வைக்காவிட்டால் கூட்டமே அழியும். 2011-இல் நாட்டின் வடகிழக்கில் விதைநேர்த்தி மருந்துகளால் தேனீக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தேனீக்காரர்கள் போராட, ஸ்லோவேனியா அந்த நியோனிகோட்டினாய்டு மருந்துகளுக்குத் தடை போட்டது, ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் கட்டுப்பாடு வருவதற்கு இரண்டு வருடம் முன்னால். 'தேனீ தேசம்' என்ற பிம்பம் வெறும் அலங்காரமில்லை, சட்டம் கொண்டுவரும் பலமும் அதற்கு உண்டு என்பதற்கு இது சாட்சி. ஆனால் தட்பவெப்பத்தைச் சட்டத்தால் தடுக்க முடியாது. சீக்கிரம் வரும் வசந்தத்தில் பூத்துவிடும் மரங்களை ஏப்ரல் பனி கருக்குகிறது. 2021-இல் அப்படி நடந்து தேன் மகசூல் படுமோசமானது. தேன் எடுப்பதற்குப் பதிலாகச் சர்க்கரைப்பாகு வைத்துக் கூட்டங்களைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

நாட்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தேனீ வளர்க்கிறார்கள், ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவர். பெரும்பாலானோருக்கு அது பிழைப்பு இல்லை, ஓய்வு நேரத்து வேலை. தேன் வருமானம் நிச்சயமில்லாத வருடங்களில் விருந்தாளியின் காசு சிலருக்குப் பெரிய ஆதரவு. நான் சுற்றுலாவைக் குறை சொல்ல வரவில்லை. வரலாற்றைப் பார்த்தால் இந்த மரபு ஒருபோதும் 'தூய்மையாக' இருந்ததில்லை. வரிச்சலுகைக்காக வளர்ந்தது, ரயில் வந்ததும் ஏற்றுமதிக்குப் போனது. சந்தை வந்து கெடுத்துவிட்டது என்று புலம்ப இங்கே இடமில்லை, சந்தை எப்போதும் கூடவே இருந்திருக்கிறது.

ஒரு வித்தியாசம் மட்டும் முக்கியம். பழைய சந்தைகள் எல்லாம் தேனீ எதையாவது செய்வதைச் சார்ந்திருந்தன. தேன் வேண்டும், மெழுகு வேண்டும், கூட்டம் பெருக வேண்டும். தேனீ நோயில் விழுந்தால் வியாபாரியும் விழுவார். சுற்றுலாவுக்குத் தேனீ அங்கே இருந்தால் போதும். நாற்பது பெட்டி வேண்டாம், நாலு போதும். கொஞ்சம் தள்ளினால், புதிதாக வரைந்த சாணைக்கல் பிசாசும், தேன் சோப்பும், ஸ்பீக்கரில் ரீங்காரமும் இருந்தாலே போதும் என்ற இடத்துக்குக்கூடப் போகலாம். முகத்துக்கு நடந்தது முதுகுக்கும் நடக்கலாம். படம் பிழைக்கும், பெட்டி காலியாகும்.

அது நடக்காமல் இருப்பதற்கான வழியும் கடினமானதில்லை. பக்வீட்டும் லிண்டனும் செஸ்ட்நட்டும் பூத்துக்கொண்டிருக்க வேண்டும். வயலில் என்ன தெளிக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை தேனீக்காரருக்கு இருக்க வேண்டும். விருந்தாளி கொடுக்கும் காசு நினைவுப்பொருள் கடையோடு நின்றுவிடாமல், குளிர்காலத்தில் யாரும் வராத நாளிலும் பின்கதவைத் திறந்து கூட்டம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறவரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அப்படிப் பார்க்கிறவர் இருக்கும்வரை ஒரு கூட்டம் அழிந்தால் அது அவருக்கு நஷ்டம், இழவு, கணக்கு எல்லாம்தான். தேனீயின் சாவுக்கு எந்த வினைச்சொல் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.